சூரியன் திரும்புவது டிசம்பர் 21-ல், பொங்கல் ஜனவரியில்: ஏன்? மற்ற ஊர்களில் எப்படி?

கேள்வி இது: "மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உத்தராயணம் டிசம்பர் 21-ல் தொடங்குகிறது என்று பள்ளியில் டீச்சர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அத்தை, தை 1-தான் உத்தராயணம் என்கிறார். யார் சொல்வது சரி? மற்ற நாடுகளில் இந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்களாம், நம் சேலத்தில் ஏன் ஒன்றுமே இல்லை? ஜூன் 21-க்கும் நமக்கு எதுவும் கிடையாதே? புராஜெக்டில் என்ன எழுதுவது?"

டீச்சர் சொல்வதும் சரி, அத்தை சொல்வதும் சரி. வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை, இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு கணக்கு. ஆனால் "சேலத்தில் ஒன்றுமே இல்லை" என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தேதி. பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் வருஷம் முழுக்க மகர ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. டிசம்பர் 21 அல்லது 22-ல் தெற்கே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போய்விட்டு வடக்கே திரும்புகிறது, ஜூன் 20 அல்லது 21-ல் வடக்கு எல்லையைத் தொட்டுவிட்டுத் தெற்கே திரும்புகிறது. கண்ணால் பார்த்து, நிழலை அளந்து கண்டுபிடிக்கக்கூடிய உத்தராயணமும் தட்சிணாயனமும் இவைதான். டீச்சர் சொன்னது இந்தக் கணக்கு.

பஞ்சாங்கம் கேட்கும் கேள்வி வேறு. சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு நேரே நிற்கிறது, மகர ராசிக்குள் எப்போது நுழைகிறது என்று பார்க்கிறது. நுழையும் நாள் தை 1. இந்த இரண்டு கணக்கும் ஒரு காலத்தில் ஒரே நாளில்தான் விழுந்தன, அரசு பஞ்சாங்கம் எடுத்துக்கொள்ளும் கணக்குப்படி கி.பி. 285 வாக்கில். அப்புறம் ஏன் பிரிந்தன என்றால், பூமியின் அச்சு பம்பரத்தின் தலை போல மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு முழுச் சுற்று ஆடி முடிக்க ஏறக்குறைய 25,800 வருஷம் ஆகும். அந்த ஆட்டத்தால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. 1,700 வருஷத்தில் அது 24 நாளாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15-ல் வருகிறது. இப்படியே இன்னும் 1,300 வருஷம் போனால் பொங்கல் பிப்ரவரிக்குப் போய்விடும்.

இதை நம் முன்னோர் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறாம் நூற்றாண்டில் வானியல் அறிஞர் வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதை என்ற நூலில் இதைப் பற்றித்தான் பேசுகிறார்: பழைய சாஸ்திரங்களில் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது, இப்போது மகரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது என்கிறார். அதோடு விடவில்லை. சூரியன் உதிக்கும் அல்லது மறையும் இடத்தைத் தூரத்துப் பொருள் ஒன்றை வைத்து அடையாளம் பார்த்துக்கொள், இல்லையென்றால் பெரிய வட்டம் போட்டு நடுவில் குச்சி நட்டு அதன் நிழலைப் பார், அப்படிச் சரிபார்த்துக்கொள் என்று வழியும் சொல்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் இயற்பியல் அறிஞர் மேக்நாத் சாஹா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை மத்திய அரசு அமைத்தது. அதன் பரிந்துரையால் வந்ததுதான் 1957 மார்ச் 22 முதல் நடப்பில் இருக்கும் தேசிய நாள்காட்டி. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல் பிறக்கிறது, ஆஷாட மாதம் ஜூன் 22-ல் பிறக்கிறது, அதாவது சூரியன் திரும்பிய கையோடு. அரசிதழில் ஆங்கிலத் தேதியோடு அச்சாவது இந்தத் தேதிதான். ஜனங்கள் பண்டிகையை இதற்கு மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பொங்கலுக்கு வேண்டிய நெல்லும் மஞ்சளும் பூலாம்பட்டிச் செங்கரும்பும் சந்தைக்கு வருவது ஜனவரியில்தான்.

இப்படி நழுவியது நம் பண்டிகை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோமானியர் தங்கள் பழைய நாள்காட்டியில் குளிர்காலத் திருப்பத்தை டிசம்பர் 25-லும் கோடைத் திருப்பத்தை ஜூன் 24-ஐ ஒட்டியும் குறித்து வைத்திருந்தார்கள். அந்த நாள்காட்டியின் வருஷம் கொஞ்சம் நீளம், அதனால் உண்மையான நாள் மெல்ல முன்னே நகர்ந்துவிட்டது. 1582-ல் போப் கிரகரி 10 நாட்களை வெட்டிச் சரிசெய்தபோதும் நான்காம் நூற்றாண்டு நிலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸ் அதே 25-ல் நிற்கிறது, புனித யோவான் பிறந்தநாள் அதே ஜூன் 24-ல் நிற்கிறது, வானத்தில் திருப்பம் 21-ல் நடக்கிறது. (கிறிஸ்துமஸுக்கு அந்தத் தேதி ஏன் வந்தது என்பதில் அறிஞர்களிடம் இன்னும் வாதம் உண்டு, சூரிய விழாவிலிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மகள் புராஜெக்டில் அதை எழுதாமல் விடுவது நல்லது.) சுவீடனில் டிசம்பர் 13-ல் லூசியா நாள். வெள்ளை அங்கி, தலையில் எரியும் மெழுகுவத்திக் கிரீடம், பின்னால் பாடிக்கொண்டு வரும் பிள்ளைகள். ஏன் 13? பழைய நாள்காட்டியில் 14-ம் நூற்றாண்டு வாக்கில் வருஷத்தின் மிக நீண்ட இரவு அந்தத் தேதியை ஒட்டித்தான் வந்தது. தேதி மாறியும் அவர்கள் பண்டிகையை மாற்றவில்லை. நம்மைப் போலத்தான்.

சரி, அவர்கள் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்ய நாம் ஏன் டிசம்பர் 21-ஐக் கண்டுகொள்வதே இல்லை? அட்சரேகைதான் காரணம். சேலம் 11.65 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 26 நிமிஷம், மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 48 நிமிஷம். ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அதுவும் ஆறு மாதத்தில் துளித்துளியாகக் கூடுகிறது, யாருக்கும் உறைக்காது. ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான், ஜூனில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் மாதக்கணக்கில் வாழ்கிறவனுக்கு, நாளை முதல் வெளிச்சம் கூடும் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

நமக்கு இன்னொன்றும் உண்டு. கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் நம் தலைக்கு மேல் வருஷத்தில் இரண்டு முறை வருகிறது. சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒரு தடவை. அதனால்தான் நம் வெயில் ஏப்ரல், மே மாதங்களில் கொளுத்திவிட்டு, வருஷத்திலேயே நீண்ட பகல் வரும் ஜூன் கடைசியில் தென்மேற்குக் காற்றும் மேகமுமாகத் தணிந்துபோகிறது. ஏற்காடு கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில் வருவதைப் பாருங்கள். நம் உடம்புக்குத் தெரிந்த கோடை அதுதான்.

இனி மற்றவர்கள்.

குளிர்காலத் திருப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஈரானியரின் யல்தா இரவு. அவர்கள் நாள்காட்டி வானத்தைப் பார்த்தே வருஷத்தைத் தொடங்குவதால் இந்த இரவு நழுவவில்லை, இன்றைக்கும் டிசம்பர் 20 அல்லது 21-ல்தான் வருகிறது. மாதுளை, தர்பூசணி, உலர்ந்த பழங்கள், கொட்டைகள் எல்லாம் பரப்பி வைத்து, குடும்பத்தில் மூத்தவர் வீட்டில் எல்லோரும் கூடி நெடுநேரம் விழித்திருக்கிறார்கள். அப்புறம் 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாபீஸின் தொகுப்பைக் கையில் எடுத்து, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே வரும் கவிதையைப் படித்துக் குறி கேட்பார்கள். பிள்ளைகளுக்கும் படித்துச் சொல்வார்கள். வருஷத்தின் மிக நீண்ட இரவைப் பழமும் பாட்டும் பேச்சுமாகக் கழிப்பதைவிட அழகான வழி எனக்குத் தெரியவில்லை. 2022-ல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது சேர்ந்தது. யல்தா இரவிலிருந்து குளிரின் நாற்பது நாளை எண்ணுவதும் அங்கே வழக்கம். காஷ்மீரிலும் இதே நாற்பது உண்டு, டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லை கலான். தால் ஏரியின் மேல்பரப்பு உறைவதும், ஃபிரன் அங்கிக்குள் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு நடப்பதும் அந்த நாட்களில்தான். சூரியன் திரும்பிய பிறகுதானே வெப்பம் கூடணும், ஏன் குளிர் கூடுகிறது என்று மகள் கேட்பாள். பகல் நீளத் தொடங்கினாலும், நிலமும் நீரும் வாங்குகிற வெப்பத்தைவிட இழக்கிற வெப்பம் இன்னும் சில வாரங்களுக்கு அதிகமாகவே இருக்கும், அதனால் கடுங்குளிர் பின்தங்கி வருகிறது.

சீனர்கள் இந்தப் பின்தங்கிய குளிரை எண்ணுவதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத் திருப்ப நாளுக்கு அங்கே தோங்ழி என்று பெயர். அன்று முதல் ஒன்பது ஒன்பதாக ஒன்பது முறை, மொத்தம் 81 நாள் எண்ணினால் குளிர் போய்விடும் என்பது கணக்கு. ஒரு தாளில் பிளம் மரக் கிளை ஒன்றை வரைந்து, அதில் மொத்தம் 81 இதழ்கள் வருமாறு வெறும் கோட்டால் பூக்களைப் போட்டுவைப்பார்கள். தினம் ஓர் இதழுக்குச் சாயம். எல்லாம் நிறைந்தால் வசந்தம். மகளிடம் சொல்லுங்கள், புராஜெக்டில் அப்படியே ஒரு பக்கத்தில் வரைந்து வைக்கலாம். சாப்பாடு என்றால் வடக்கே மாவுக்குள் இறைச்சியும் காய்கறியும் வைத்த ஜியாவ்சி, தெற்கே அரிசி மாவு உருண்டைகளை இனிப்புச் சாற்றில் மிதக்கவிட்ட தாங்யுவான். பேரரசர்கள் இருந்த காலத்தில் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில் வளாகத்தில் பேரரசரே வந்து வானத்துக்குப் பலி கொடுக்கும் நாளும் இதுதான். கொரியாவில் சிவப்புப் பயறுக் கஞ்சி, ஜப்பானில் யூசு என்ற எலுமிச்சை வகைப் பழங்களை மிதக்கவிட்ட வெந்நீர்க் குளியலும் பூசணிக்காயும்.

கட்டடம் என்று எடுத்தால் எல்லோரும் இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் பற்றித்தான் எழுதுவார்கள். நான் அயர்லாந்தின் நியூகிரேஞ்சைச் சொல்வேன். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறைக் குன்று அது, எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் முந்தியது. வாசலுக்கு மேல் ஒரு சிறிய கல் சாளரம். டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும், சூரியன் உதித்ததும் அந்தச் சாளரம் வழியாக ஒளி நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய நடையில் ஊர்ந்துபோய் உள்ளறையைத் தொடுகிறது. சுமார் 17 நிமிஷம் இருக்கும், அப்புறம் பழைய இருட்டு. அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே காத்திருந்து இதைப் பார்த்தார். இன்று உள்ளே போக ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், குலுக்கல் போட்டு ஆளெடுக்கிறார்கள்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ், ஜூன்தான் குளிர்காலம். பெருவின் குஸ்கோவில் இன்கா மக்களின் சூரிய விழாவான இன்டி ராய்மியை ஜூன் 24-ல் நடத்துகிறார்கள். ஸ்பானியர்கள் வந்து தடுத்து, பல தலைமுறை நின்றுபோய், 1944-ல் பழைய எழுத்துக் குறிப்புகளை வைத்து மீட்டெடுத்த விழா அது. கெச்சுவா மொழியிலேயே பேசி நடிக்கிறார்கள், சக்சாய்வமான் கோட்டையின் பெருங்கற்களுக்கு முன்னால். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்குப் புத்தாண்டு மத்தாரிகி. கொஞ்ச காலம் கண்ணில் படாமல் இருந்த ஒரு நட்சத்திரக் கூட்டம் நடுக்குளிர்காலத்தில், விடியலுக்கு முன் மறுபடி கிழக்கே தெரியும்போது வருகிறது. அந்தக் கூட்டம் வேறெதுவும் இல்லை, நம் கார்த்திகைதான்! 2022 முதல் அந்த நாட்டில் அதற்கு அரசு விடுமுறை.

கோடைத் திருப்பம் என்றால் ஐரோப்பாதான். சுவீடனில் ஜூன் 19 முதல் 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர். இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தை எல்லோரும் சேர்ந்து நிமிர்த்தி, அதைச் சுற்றித் தவளை போலத் தத்தித் தத்தி ஆடுவார்கள், பெரியவர்களும்தான். ஊறவைத்த ஹெர்ரிங் மீன், புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி. கல்யாணமாகாத பெண்கள் ஏழு வகைப் பூப் பறித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டால் வரப்போகிறவன் கனவில் வருவானாம். லாத்வியாவில் ஜூன் 23 இரவு ஆண்கள் ஓக் இலை கிரீடமும் பெண்கள் பூங்கிரீடமும் சூடி, சீரகம் போன்ற ஒரு விதை போட்ட பாலாடைக்கட்டி தின்று, விடியும்வரை தூங்காமல் பாடுகிறார்கள். பின்லாந்தில் ஏரிக்கரையில் நெருப்பு, ஸ்பெயினில் கடற்கரையில் நெருப்பு, அதைத் தாண்டிக் குதிப்பது. நாடு மாறுகிறது, பெயர் மாறுகிறது, நெருப்பு மட்டும் மாறுவதில்லை.

இப்போது சேலத்துக்கு வருவோம். ஆடி 1 அன்று சாயங்காலம் உங்கள் தெருவில் என்ன நடக்கிறது?

தேங்காய் சுடுகிறோம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியை ஒட்டிய நம் பக்கத்தை விட்டால் தமிழ்நாட்டில் பல ஊர்க்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. நாரை முழுக்க உரித்து, ஓட்டைக் கல்தரையில் உரசி வழவழப்பாக்கி, கண்ணைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, சீவிய அழிஞ்சில் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் தீ மூட்டி வாட்டுகிறோம். ஓடு கருகி வெடிப்பு விட்டதும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, உடைத்தால் உள்ளே பருப்பும் வெல்லமும் தேங்காய்த் தண்ணீரில் வெந்து, பருப்போடு புகை வாசமும் சேர்ந்து இருக்கும். குருக்ஷேத்திரப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது, அதற்காகச் சுடுகிறோம் என்றுதான் பெரியவர்கள் கதை சொல்வார்கள். கதை அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆடி 1 என்பது கடக சங்கராந்தி, நம் பஞ்சாங்கத்தில் தட்சிணாயனம் தொடங்கும் நாள். ஜூன் 21-க்கும் ஆடி 1-க்கும் உள்ள இடைவெளி சுமார் 25 நாள், டிசம்பர் 21-க்கும் பொங்கலுக்கும் உள்ள அதே நழுவல். சூரியன் தெற்கே திரும்பும் நாளுக்குத் தெருவில் தீ மூட்டும் ஊர் நம்முடையது! பின்லாந்துக்காரன் ஏரிக்கரையில் மூட்டுகிறான், நாம் வாசலில் மூட்டுகிறோம். இரண்டுக்கும் ஏதோ ஒரே மூலம் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, அதற்குச் சான்று கிடையாது. வானத்தில் நடக்கும் ஒரே விஷயத்துக்குத் தனித்தனியாக மனிதர்கள் தீயை எடுத்திருக்கிறார்கள் என்பதே போதும்.

அதற்குப் பிறகு ஆடி முழுக்கச் சேலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கோட்டை மாரியம்மன் பூச்சாட்டுதல், குகை வண்டி வேடிக்கை, மேட்டூரில் பதினெட்டாம் பெருக்கு. மறுபக்கத்தில் உத்தராயணத்துக்கு முதல் நாள் போகியும் காப்புக் கட்டும். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் கூரையில் செருகுகிறோமே, அதையும் மகள் தன் நோட்டில் ஒட்டட்டும். நாம் கொண்டாடாமல் இல்லை, இதைச் சூரியனோடு சேர்த்து யோசிக்காமல் விட்டுவிட்டோம். எனக்கு அதுதான் வருத்தம்.

புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சூரிய உதய நேரத்தை மட்டும் குறித்தால் குழம்பிவிடுவீர்கள். டிசம்பர் 21-ல் சேலத்தில் 6.32 வாக்கில் உதிக்கிற சூரியன், பகல் நீளத் தொடங்கிய பிறகும் ஜனவரி மூன்றாம் வாரம் வரை தினம் கொஞ்சம் பிந்திக்கொண்டே போய் 6.42-ஐத் தொடும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சின் சாய்வாலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே கடிகாரத்தில் தள்ளிப்போகிறது, அதுதான் காரணம். ஆகவே நிழலை அளக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, டிசம்பர் 21-ல் பகல் 12.15-க்குப் பார்த்தால் நிழல் வடக்கே சுமார் 70 செ.மீ. விழும். ஜூன் 21-ல் 12.19-க்குப் பார்த்தால் அதே குச்சியின் நிழல் தெற்கே சுமார் 21 செ.மீ. விழும். டெல்லியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தெற்கு நிழல் கிடைக்கவே கிடைக்காது.

வராகமிகிரர் சொன்ன இன்னொரு வழிக்கும் சேலம் வசதியான ஊர், சுற்றிலும் மலை. நகரத்திலிருந்து பார்த்தால் கஞ்சமலை மேற்கே சற்றுத் தெற்குத் தள்ளி இருக்கிறது. டிசம்பரில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான், ஜூனுக்குள் அங்கிருந்து 48 டிகிரி வடக்கே நகர்ந்துவிடும். ஒரே மாடி, ஒரே மூலை, வாரம் ஒரு படம், மலையின் எந்த முகட்டுக்கு நேரே மறைகிறது என்று தேதி போட்டு வைக்கட்டும். இந்த டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டால் சூரியன் தெற்கே போவது, நிற்பது, திரும்புவது மூன்றும் படத்தில் சிக்கிவிடும். படங்களுக்குக் கீழே அத்தையிடம் கேட்டு அந்தந்த வாரத்தின் தமிழ்த் தேதியையும் எழுதச் சொல்லுங்கள், திரும்பும் நாள் மார்கழி 6-ஐ ஒட்டி வரும்.